‘பிதாயா’ என்றொரு சொல்

(ஞாயிறு காலை வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: யோவான் 2:1-11)



இன்றைய நற்செய்தி கானாவூர்த் திருமணம். இதற்கு மறையுரை கேட்டுக் கேட்டு உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும். அன்னை மரியாவின் பரிந்துரை, ஆறு கல்தொட்டிகள், கடைசிவரை வைத்திருந்த நல்ல திராட்சை இரசம் எல்லாவற்றையும் இன்று சற்றே ஒதுக்கி வைப்போம். இப்பகுதியின் கடைசி வசனத்தில் வருகிற ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவோம். அதுவும் அரபு மொழியில் உள்ள சொல். ‘சாமியாருக்கு என்ன ஆயிற்று, கோயிலில் அரபு பேசுகிறாரே’ என்று சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

துபாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு குடும்பம் அண்மையில் நம் பங்குக்குத் திரும்பி வந்தது. அப்பாவுக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. பத்து வயது மகள் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். அங்குள்ள பள்ளிகளில் அரபு கட்டாயப் பாடம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர், ‘தொடக்கம்’ என்பதற்கு வேறு சொற்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் ‘ஆரம்பம்’ என்றார்கள், ‘ஆதி’ என்றார்கள், ஒருவன் ‘ஸ்டார்ட்டிங்’ என்றான். இந்தச் சிறுமி எழுந்து ‘பிதாயா’ என்றாள். வகுப்பு சிரித்தது. ‘நீ முஸ்லிமா?’ என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியரும் அதை அப்படியே விட்டுவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாம் வாரம் அவளுடைய பாட்டி நம்மிடம் வந்தார். “சாமி, பிள்ள தப்பா ஏதும் சொல்லிட்டாளா? ‘பிதா’ன்னுதானே சொல்லியிருக்கா, அது நம்ம சாமி பேருதானே?” என்று கேட்டார். அவருக்கு உடனே சரியான பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. குருமடத்தில் கிரேக்கமும் எபிரேயமும் ஓரளவு படித்தோம். எபிரேயத்துக்கு அக்காள் தங்கை முறையான அரபைப் புரட்டிப் பார்த்ததோடு சரி. எனவே அகராதியையும் அரபு விவிலியத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் கண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்கிறோம்.

முதலில் பாட்டியின் கேள்வி. நாம் சிலுவை அடையாளம் வரையும்போது சொல்லும் ‘பிதா’ வடமொழியிலிருந்து வந்த சொல். அதற்கும் ‘பிதாயா’வுக்கும் உறவு இல்லை, காதில் ஒன்றுபோல் விழுவது தற்செயல். உச்சரிப்பும் வேறு. ‘பிதாயா’வின் ‘பி’யை, ‘தம்பி’ என்ற சொல்லில் வரும் ‘பி’யைப் போல மென்மையாகச் சொல்ல வேண்டும். ‘தா’வை, ‘வந்தார்’ என்பதில் வரும் ‘தா’வைப் போலச் சொல்ல வேண்டும். செந்தர அரபு மொழியில் ‘பாட்டி’ என்பதில் வரும் வல்லின ‘ப’ ஒலியே கிடையாது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அரபு பேசுபவர்கள் பலரும் ‘பார்க்கிங்’ என்பதைக்கூட மென்மையான எழுத்தில்தான் தொடங்குவார்கள். நம் திருத்தந்தையை அரபுக் கிறிஸ்தவர்கள் ‘பாபா’ என்கிறபோதும் அதே மென்மையான ஒலிதான்.

‘பிதாயா’ என்றால் தொடக்கம். அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட ஒரு வேரிலிருந்து கிளைப்பவை. இந்தச் சொல்லின் வேரில் உள்ளவை ப், த் என்ற இரண்டு எழுத்துகளும், ‘ஹம்ஸா’ என்ற மூன்றாவது எழுத்தும். ஹம்ஸாவுக்குத் தமிழில் எழுத்து இல்லை. இருமல் வருவதற்கு முன்பு தொண்டை ஒரு கணம் அடைபடுகிறதே, அந்த அடைப்புதான் ஹம்ஸா. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல்லான ‘பத்உ’ என்பதற்கும் தொடக்கம் என்றே பொருள். ‘பத்’ என்று சொல்லி, தொண்டையை ஒரு நொடி அடைத்து, பிறகு ‘உ’ என்று விட வேண்டும். ‘பிதாயா’ என்ற வடிவில் அந்த அடைப்பு ‘யா’வாக இளகிவிடுவதால், புதிதாகப் படிப்பவர்களுக்கு அது எளிது. ‘பத்உ’ என்பதில் அடைப்பை விட்டுவிட்டு ‘பத்வு’ என்று சொல்லிவிட்டால், பாலைவனத்தில் கூடாரமடித்து வாழும் நாடோடி மக்களைக் குறிக்கும் வேறொரு சொல்லாகிவிடும்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். 1865இல் பெய்ரூட்டில் அச்சாகி முடிந்த அரபு விவிலியம் அரபு பேசும் கிறிஸ்தவர்களிடையே இன்றும் பரவலாக வாசிக்கப்படுவது. அதில் தொடக்க நூலின் முதல் இரு சொற்கள் ‘ஃபில் பத்இ’. ‘தொடக்கத்தில்’ என்று பொருள். யோவான் நற்செய்தியும் அதே ‘ஃபில் பத்இ’யில்தான் தொடங்குகிறது. மாற்கு நற்செய்தியின் முதல் சொல்லும் ‘பத்உ’தான். பிறகு யோவான் இரண்டாம் அதிகாரத்தில், கானாவூர் நிகழ்ச்சி முடிகிற இடத்தில், தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய செயலைக் குறிக்க அரபு விவிலியம் நம் சிறுமி சொன்ன அதே சொல்லைப் பயன்படுத்துகிறது. கானாவூரில் நடந்தது அடையாளங்களின் ‘பிதாயா’.

நம் தமிழ்த் திருவிவிலியத்தில் இந்த இடத்தில் ‘முதல்’ அடையாளம் என்று வாசிக்கிறோம். பிழையில்லை, நல்ல தமிழ், படித்ததும் புரிகிறது. ஆனால் யோவான் கிரேக்கத்தில் எழுதிய சொல் ‘ஆர்க்கே’. தம் நற்செய்தியின் முதல் வரியில் ‘தொடக்கத்தில்’ என்பதற்கு அவர் பயன்படுத்திய அதே சொல் அது. ‘முதலாவது’ என்று எழுதக் கிரேக்கத்தில் வேறு சொல் இருந்தும், அவர் அதை இங்கே எடுக்கவில்லை. அடையாளங்களின் ‘தொடக்கம்’ என்றே எழுதினார். தமிழில் முதல் அதிகாரத்தில் ‘தொடக்கம்’, இரண்டாம் அதிகாரத்தில் ‘முதல்’ என்று சொல் மாறிவிடுவதால், இரண்டுக்கும் உள்ள உறவு நம் கண்ணில் படுவதில்லை. அரபில் ‘பத்உ’, ‘பிதாயா’ இரண்டும் ஒரே வேரில் நிற்பதால் அந்த உறவு காதிலேயே விழுகிறது.

இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ‘முதலாவது’ என்பது எண்ணிக்கை. முதலாவது முடிந்தால் இரண்டாவது வரும், முதலாவது பின்னால் போய்விடும். பந்தியில் முதலாவது உட்கார்ந்தவர் சாப்பிட்டு எழுந்து போய்விடுகிறார். தொடக்கம் அப்படிப் போய்விடுவதில்லை. கானாவூரில் தொடங்கியது, குருடர் பார்வை பெற்றபோதும், இலாசர் கல்லறையிலிருந்து வெளியே வந்தபோதும் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது. கடவுள் உலகைப் படைத்ததைச் சொல்ல விவிலியம் எடுத்த சொல்லையே, ஏதோ ஒரு சிற்றூரில் பெயர் தெரியாத இருவரின் திருமணத்தில் பந்தி நடுவே இரசம் தீர்ந்துபோன நேரத்துக்கும் யோவான் எடுத்திருக்கிறார். மணமகன் பெயர்கூட எழுதப்படவில்லை. அங்கே நடந்தது ஒரு புதிய படைப்பின் தொடக்கம் என்கிறார்.

நம் தமிழிலும் ‘முதல்’ என்ற சொல்லுக்குள் இன்னொரு பொருள் இருக்கிறதே. கடை வைப்பவர் போடுகிற ‘முதல்’. அது எண்ணிக்கை அல்ல, விதைநெல் போன்றது. வட்டிக்கடைக்காரர் அதையே ‘அசல்’ என்பார். அந்த ‘அசல்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபியிலிருந்து. அங்கே ‘அஸ்ல்’ என்றால் வேர், மூலம். அரபுச் சொல்லைக் கேட்டுச் சிரித்த பையனின் அப்பா, கந்துவட்டிக்காரரிடம் ‘அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு’ என்று கேட்கும்போது அரபுதான் பேசுகிறார். ‘பாக்கி’, ‘வக்கீல்’, ‘வசூல்’ எல்லாம் அங்கிருந்து வந்தவையே. அதற்காக அவரை யாரும் ‘நீ முஸ்லிமா’ என்று கேட்பதில்லை.

அரபு முஸ்லிம்களின் மொழி மட்டும்தானா? பெந்தகோஸ்து நாளில் தங்கள் சொந்த மொழியில் கடவுளின் மாபெரும் செயல்களைக் கேட்டவர்களின் பட்டியலைத் திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தில் பாருங்கள். பட்டியலின் கடைசியில் நிற்பவர்கள் அரேபியர்கள். திருச்சபை பிறந்த நாளிலேயே அவர்கள் அங்கே இருந்தார்கள். புனித பவுல் மனம் மாறியபின் எருசலேமுக்குப் போகாமல் அரேபியாவுக்குப் போனதாகக் கலாத்தியர் திருமுகத்தில் அவரே எழுதுகிறார். லெபனானின் மாரோனியர், எகிப்தின் காப்டியர், ஈராக்கின் கல்தேயர், சிரியாவின் மெல்கியர் எனப் பல திருச்சபைகளில் இன்றும் அரபு ஒலிக்கிறது. அவர்கள் கடவுளை ‘அல்லாஹ்’ என்றே அழைத்து மன்றாடுகிறார்கள். பவுலின் திருமுகங்கள் அடங்கிய, 867ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபுக் கையெழுத்துப்படி ஒன்று சீனாய் மலையில் புனித கத்தரீனா துறவு மடத்தில் இருக்கிறது. நம் தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது 1578இல். இடையில் ஏழு நூற்றாண்டுகள். பெருமை பேச இதைச் சொல்லவில்லை. யார் வீட்டில் யார் விருந்தாளி என்று தெரிந்துகொள்ளவே சொல்கிறோம்.

மால்ட்டா தீவையும் விட்டுவிடக் கூடாது. பவுல் சென்ற கப்பல் உடைந்து கரையேறிய தீவு அது. மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் பேசும் மால்ட்டிய மொழி அரபின் கிளையில் பிறந்தது. ‘தொடக்கத்தில்’ என்பதற்கு அவர்கள் ‘ஃபில் பிது’ என்கிறார்கள். அந்த மால்ட்டாப் பிள்ளை நம் மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று ‘பிது’ என்று சொல்லியிருந்தால், வெளிநாட்டுப் பிள்ளை என்று நாம் கைதட்டியிருப்போம்!

யோவானின் முதல் வரியில் இன்னொரு சிறப்பும் உண்டு. ‘வாக்கு’ என்பதற்கு அரபு விவிலியம் வைத்திருக்கும் சொல் ‘கலிமா’. ஆம், நம் ஊர் முஸ்லிம் சகோதரர்கள் சொல்கிற அதே ‘கலிமா’. சொல், வாக்கு என்று பொருள். இலக்கணப்படி அது பெண்பால். ‘இருந்தது’ என்று சொல்ல அதற்குப் பெண்பால் வினையான ‘கானத்’ வர வேண்டும். ஆனால் அரபு நற்செய்தியில் ஆண்பால் வினையான ‘கான’ வருகிறது. பள்ளித் தேர்வில் ஒரு மாணவி இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். மொழிபெயர்த்தவர்களுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. இங்கே ‘வாக்கு’ என்பது வெறும் சொல் அல்ல, ஓர் ஆள், இறைமகன் என்பதைக் காட்டவே அப்படி எழுதினார்கள். பக்கம் பக்கமாக நாம் குருமடத்தில் படித்த கிறிஸ்தியல் பாடத்தை அவர்கள் ஒரு வினைச்சொல்லின் விகுதியில் வைத்துவிட்டார்கள்.

வளைகுடா நாடுகளிலிருந்து இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் நம் பிள்ளைகளுக்கும், புறப்படத் தயாராக இருப்பவர்களுக்கும் சில பயன்பாடுகளைச் சொல்லிவைப்போம். அங்கே வேலைத்தளத்தில் நீங்கள் முதலில் கற்றுக்கொள்வது ‘பிதாயா’ அல்ல, ‘அவ்வல்’. முதல், முன்பு என்று பொருள். ‘அவ்வல் இது, பாதேன் அது’ என்றால், முதலில் இதைச் செய், அப்புறம் அதை. அதை வைத்தே காலம் தள்ளிவிடலாம். ஆனால் கையில் தருகிற தாளில் ‘அவ்வல்’ இருக்காது. வேலை ஒப்பந்தத்தில் ‘தாரீஃக் பத்இல் அமல்’ என்று ஒரு வரி வரலாம். வேலை தொடங்கும் தேதி. அந்தத் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். உங்கள் சம்பளக் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். அறிவிப்புப் பலகையில் ‘இப்திதாஅன் மின்’ என்று இருந்தால், இன்ன நாள் முதற்கொண்டு என்று பொருள். ‘ஃபில் பிதாயா’ என்றால் ஆரம்பத்தில். ‘மினல் பிதாயா’ என்றால் ஆரம்பத்திலிருந்தே. வேறொரு சொல்லோடு சேரும்போது ‘பிதாயா’வின் வாலில் ஒளிந்திருக்கும் ஒரு ‘த்’ வெளியே வரும். மாதத் தொடக்கம் என்பதற்கு ‘பிதாயத் அஷ்-ஷஹ்ர்’. பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ‘இப்திதாஇய்யா’. புதிதாக வேலையில் சேர்ந்தவரையோ கடை திறந்தவரையோ வாழ்த்த ‘பிதாயா முவஃப்பகா’ என்பார்கள். தொடக்கம் நல்லபடி அமையட்டும் என்பது அதன் கருத்து.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. ‘பித்ஆ’ என்று இன்னொரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் இதற்குத் தங்கை போலத் தோன்றும். வேர் வேறு, தொண்டையில் பிறக்கும் கடைசி எழுத்து வேறு. மார்க்கத்தில் இல்லாத புதுமையைப் புகுத்துவதை முஸ்லிம்கள் அப்படிக் கண்டிப்பார்கள்; அரபுக் கிறிஸ்தவர்கள் தப்பறைக் கொள்கைகளுக்கும் அதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். வாழ்த்த நினைத்து இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இலக்கணத்திலிருந்து இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ‘அவர் ஆசிரியர்’ என்கிறோம். இரண்டு சொல்தான், வினை எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இப்படி முடியாது. தமிழில் முடியும், அரபிலும் முடியும். இப்படிப்பட்ட வாக்கியத்தின் முதல் பாதியை அரபு இலக்கணக்காரர்கள் ‘முப்ததஉ’ என்பார்கள். எதைக் கொண்டு தொடங்குகிறோமோ அது என்று பொருள். நம் ‘பிதாயா’வின் வேர்தான். இரண்டாம் பாதிக்குப் பெயர் ‘ஃகபர்’, அதாவது செய்தி. (தொண்டையைச் சற்றே காறிச் சொல்லும் ‘ஃக’ இது. நம் ஊரில் கல்லறையைக் குறிக்கும் ‘கபர்’ வேறு. செய்திக்கும் கல்லறைக்கும் இடையே ஓர் ஒலிதான் வித்தியாசம் என்பதை உயிர்ப்பு ஞாயிறுக்கு வைத்துக்கொள்வோம்.) ‘அவர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்பவர் காத்திருப்பார். அவர் யார், அவருக்கு என்ன? தொடங்கிய வாக்கியம் தன் செய்திக்காகக் காத்திருக்கிறது. அதே வேரில் ஓர் உயிரெழுத்தை மட்டும் மாற்றி ‘முப்ததிஉ’ என்றால், புதிதாகத் தொடங்குபவர், கற்றுக்குட்டி. லெபனான் துறவு மடங்களில் நவதுறவியரை இப்படித்தான் அழைக்கிறார்கள். புனித சார்பெல் 1851இல் வீட்டை விட்டு மேஃபூக் மடத்துக்குப் போனபோது அவருக்கும் அதுதான் பெயர்.

அந்தச் சிறுமி எழுந்து நின்று ஒரு சொல் சொன்னாள். அது அவளுக்குத் தொடக்கம். புது ஊர், புது வகுப்பு, அப்பாவுக்கு வேலை இல்லாத வீடு. அவள் வாக்கியத்தைத் தொடங்கிய இடத்திலேயே நாம் சிரித்து நிறுத்திவிட்டோம். அந்தப் பையனைக் குறைசொல்லிப் பயனில்லை. பத்து வயதில் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? மேடையில் நின்று பேசுகிற நாமும், வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற நீங்களும்தானே. துபாய் புனித மரியா ஆலயத்தில் அரபுத் திருப்பலியும் தமிழ்த் திருப்பலியும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு நம் கோயிலில் அந்நியப் பட்டம் கிடைத்தது என்றால், தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது நம் பக்கத்தில்தான்.

சென்ற வியாழன் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனோம். பாட்டி காபி கொடுத்தார். அப்பா வேலை தேடி நாகர்கோவில் போயிருந்தார். சிறுமி முதலில் அறைக்குள்ளேயே இருந்தாள். அரபு விவிலியத்தில் கானாவூர்ப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, “இதை வாசிக்கத் தெரியவில்லை, உதவி செய்வாயா?” என்று கேட்டோம். வந்து உட்கார்ந்தாள். வலமிருந்து இடமாக விரல் வைத்துப் போய், ‘பிதாயா’வில் நிறுத்தினாள். பாட்டி எட்டிப் பார்த்து, “அந்த வார்த்தை வேதாகமத்துலயே இருக்கா?” என்றார். “இருக்கு பாட்டி, கல்யாண வீட்ல இருக்கு” என்றாள்.

பிறகு நாம் பக்கத்தைப் பின்னால் புரட்டி, யோவானின் முதல் வரியில் ‘ஃபில் பத்இ’ என்று வாசித்துக் காட்டினோம். அவள் தலையை ஆட்டினாள்.

“ஹம்ஸா வரல ஃபாதர். தொண்டையில நிறுத்தணும். மறுபடி சொல்லுங்க.”